அமெரிக்காவில் 2026-ல் 401கே (கம்பெனி வழியாகச் சம்பளத்திலிருந்து போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு), எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) வரம்புகள் ஏறிவிட்டன, சரி. அவை யாருடைய வரம்புகள்?

கேட்டவருடைய நிலைமை இது. வயது 52, நியூ ஜெர்சியில் வேலை, வருஷத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் டாலர் சம்பளம். ஜூன் கடைசியில் பழைய கம்பெனியை விட்டு ஜூலையில் புதிய இடத்தில் சேர்ந்திருக்கிறார். பழைய இடத்தில் 401கே-யில் 14,000 டாலர் போட்டாயிற்று. அவர் கேட்பது நான்கு விஷயம். போன வருஷம் 500 டாலர் மட்டும் ஏறிய வரம்பு இந்த வருஷம் ஏன் 1,000 ஏறியது? புதிய கம்பெனியில் மறுபடி முழு 24,500 போடலாமா? பழைய இடத்து எச்ஆர் "உங்கள் கேட்ச்-அப் பணம் இனி ராத் கணக்கில்தான்" என்றாரே (கேட்ச்-அப் என்பது 50 வயதைத் தொட்டவர்கள் கூடுதலாகப் போடும் தொகை, ராத் என்பது வரி கட்டிய பணத்தைப் போடும் கணக்கு), அது புதிய இடத்துக்கும் உண்டா? மனைவி ஆபீசில் எஃப்எஸ்ஏ (செலவுக்காகச் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் ஒதுக்கும் பணம்), இவருக்கு எச்எஸ்ஏ, இதில் சிக்கல் ஏதாவது இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது, பெரிய சிக்கல். நான்கில் அதுதான் உங்களுக்கு நிஜமாகவே காசு செலவு வைக்கக் கூடியது. விவரம் கீழே வரும்.

ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் புதிய எண்களின் பட்டியல் வாட்ஸப்பில் சுற்றும், எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். எண்ணைத் தெரிந்துகொள்வது சுலபம். ஆனால் அந்த எண் யாருக்கு என்பதைப் பட்டியலில் யாரும் போடுவதில்லை. சில வரம்புகள் ஆளுக்கு ஒன்று, சில கம்பெனிக்கு ஒன்று, சில வீட்டுக்கே சேர்த்து ஒன்று. நீங்கள் வேலை மாறியதால் இந்த மூன்றும் ஒரே வருஷத்தில் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் அந்த 1,000 டாலர் விஷயம். பலர் நினைப்பதுபோல ஐஆர்எஸ் (வரித் துறை) உட்கார்ந்து "இந்த வருஷம் இவ்வளவு தரலாம்" என்று முடிவு செய்வதில்லை, கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. 401கே-க்கு அடிப்படைத் தொகை 15,000 டாலர், அது 2006-ல் இருந்த வரம்பு. 2005 ஜூலை முதல் செப்டம்பர் வரையான மூன்று மாதங்களின் நுகர்வோர் விலைக் குறியீட்டுச் சராசரியை எடுத்து, அதிலிருந்து இப்போது அதே மூன்று மாதங்களின் சராசரி எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த மடங்கை 15,000-ஆல் பெருக்குவார்கள். வருகிற தொகையை 500-ன் மடங்காகக் கீழ் நோக்கி வெட்டுவார்கள். எப்போதும் கீழ்நோக்கித்தான், பக்கத்து எண்ணுக்கு அல்ல.

எல்லாக் குழப்பமும் அந்த வெட்டில்தான் இருக்கிறது. 2025-க்கான கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 23,990 வருகிறது. இன்னும் பத்துப் பதினைந்து டாலர் வந்திருந்தால் வரம்பு 24,000 ஆகியிருக்கும். வராததால் 23,500-ல் நிறுத்திவிட்டார்கள். வெட்டிய அந்த ஏறக்குறைய 490 டாலர் எங்கும் போய்விடவில்லை, ஏனென்றால் அடுத்த வருஷக் கணக்கு வெட்டிய எண்ணிலிருந்து தொடங்காது, மறுபடி 15,000-லிருந்தே தொடங்கும். அதனால் 2026-க்கு விலைவாசி 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறியிருந்தும் தொகை 24,600-ஐத் தாண்டிவிட்டது, வெட்டியபின் 24,500. வரம்பு என்று பார்த்தால் 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். அரசாங்கம் தாராளமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, போன வருஷம் நூலிழையில் தவறியது இந்த வருஷம் சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலைவாசி இறங்கினால் வரம்பும் இறங்குமா என்றால், இறங்காது. 2009-ல் அப்படி நடந்தது. அந்த வருஷக் குறியீடு முந்தைய வருஷத்தைவிடக் கீழே போனது, ஆனாலும் 16,500 அப்படியே நின்றது, 2009, 2010, 2011 மூன்று வருஷமும் அதே எண். 2015-லிருந்து 2017 வரை 18,000-ம் அப்படித்தான் அசையாமல் இருந்தது, அப்போது காரணம் வேறு, விலை ஏறியது, ஆனால் அடுத்த 500-ஐ எட்டும் அளவுக்கு ஏறவில்லை. 2022-லிருந்து 2023-க்குப் போகும்போது ஒரேயடியாக 20,500-லிருந்து 22,500 ஆனதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது பணவீக்கம் தலைவிரித்தாடிய நேரம்.

வெட்டும் அளவு வரம்புக்கு வரம்பு மாறும். கேட்ச்-அப்புக்கு 500, கம்பெனி பங்கும் சேர்த்த மொத்த வரம்புக்கு 1,000, கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்புக்கு 5,000. இதனால்தான் எல்லாம் ஒரே வருஷத்தில் ஒன்றாக நகர்வதில்லை. 2026-ல் கேட்ச்-அப் 7,500-லிருந்து 8,000 ஆனது, மொத்த வரம்பு 70,000-லிருந்து 72,000, சம்பள உச்சவரம்பு 3,50,000-லிருந்து 3,60,000. ஆனால் "அதிகச் சம்பளக்காரர்" என்று யாரைச் சொல்வது என்பதற்கான கோடு 1,60,000-லேயே நின்றுவிட்டது. 60 முதல் 63 வயதுக்காரர்களுக்கான பெரிய கேட்ச்-அப் தொகையும் 11,250-ஐ விட்டு நகரவில்லை.

அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடும் கிடையாது. 401கே-க்கு மேலே சொன்ன வழக்கமான விலைக் குறியீடு. ஐஆர்ஏ (கம்பெனி வழியாக இல்லாமல் தனியாகத் தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கு), எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ மூன்றுக்கும் சங்கிலிக் குறியீடு என்று இன்னொன்று, விலை ஏறினால் மக்கள் மலிவான பொருளுக்கு மாறுவதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் பொதுவாகக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வரி பிடிக்கும் சம்பள எல்லைக்கு விலையோடு சம்பந்தமே இல்லை, அது நாட்டின் சராசரிச் சம்பளத்தோடு நகர்கிறது, அதனால்தான் 2025-ல் 1,76,100 இருந்தது 2026-ல் 1,84,500 என்று விலைவாசியைவிட வேகமாகத் தாவியிருக்கிறது.

அறிவிப்பு வரும் நேரமும் வேறு வேறு. எச்எஸ்ஏ எண்கள் முந்தைய வருஷம் மே மாதத்திலேயே வந்துவிடும். 401கே எண்கள் செப்டம்பர் விலைக் குறியீடு வந்த பிறகுதான் வர முடியும், அதனால் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கம். 2025-ல் அரசாங்கம் அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 12 வரை முடங்கிக் கிடந்ததில் செப்டம்பர் குறியீடே தாமதமாக வந்தது, ஐஆர்எஸ் அறிவிப்பு நவம்பர் 13-ஆம் தேதிதான் வந்தது. பல கம்பெனிகளில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த வருஷத்துக்கான தேர்வுகளைச் செய்யும் காலம்) அதற்குள் பாதி முடிந்திருந்தது. எச்ஆர் தளத்தில் பழைய எண்ணைப் பார்த்து அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. குறியீடே இல்லாமல் சட்டத்தில் ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுவது. குழந்தைப் பராமரிப்புக்கான எஃப்எஸ்ஏ அதற்கு நல்ல உதாரணம். 1986-ல் 5,000 டாலர் என்று எழுதினார்கள், கொரோனா காலத்தில் 2021-க்கு மட்டும் 10,500 ஆக்கியதை விட்டால் 2025 வரை அதே 5,000. இந்த நாட்களில் டேகேருக்கு மூன்று நான்கு மாதம் கட்டவே அது காணாது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம்தான் அதை 2026-லிருந்து 7,500 ஆக்கியது, ஆனால் மறுபடியும் குறியீட்டோடு இணைக்காமல் விட்டுவிட்டார்கள். இந்தியாவில் 80சி விலக்கை 2014-ல் 1.5 லட்சம் ரூபாய் ஆக்கிவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. என்னைக் கேட்டால், தானாக ஏறும் 500 டாலரைப் பற்றிப் பேசுவதைவிட, ஏறாமல் கிடக்கும் இந்த எண்களைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டும். சத்தமில்லாமல் கை கடிப்பது இவைதான்.

சரி, இனி உங்கள் கதை.

24,500 என்பது உங்கள் வரம்பு, கம்பெனியின் வரம்பு அல்ல. ஒரு காலண்டர் வருஷத்தில் எத்தனை கம்பெனி மாறினாலும், உங்கள் சம்பளத்திலிருந்து 401கே-க்குப் போகிற பணம், சாதாரணம், ராத் இரண்டும் சேர்த்து, 24,500-தான். 50 வயதைத் தொட்டவர் என்பதால் உங்களுக்கு மேலே 8,000, ஆக 32,500. பழைய இடத்தில் 14,000 போயாயிற்று, பாக்கி 18,500. புதிய இடத்தில் மறுபடி 24,500 போட்டால் மொத்தம் 38,500 ஆகிவிடும், 6,000 டாலர் அதிகம்.

இதில் எரிச்சலான விஷயம், உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். புதிய கம்பெனியின் பேரோலுக்கு நீங்கள் முன்பு எங்கே எவ்வளவு போட்டீர்கள் என்று தெரியாது, அது தன் கணக்கில் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். சேரும்போதே "இந்த வருஷம் வேறு இடத்தில் எவ்வளவு போட்டீர்கள்" என்று கேட்டு ஒரு படிவம் சில இடங்களில் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேட்டு எழுதிக் கொடுங்கள், அதோடு நிறுத்தாமல் உங்கள் சதவீதத்தையும் நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள். ஒருவேளை அதிகமாகப் போய்விட்டால், அடுத்த ஏப்ரல் 15-க்குள் அந்த அதிகப் பணத்தையும் அது சம்பாதித்த லாபத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பல திட்டங்கள் மார்ச் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்பார்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 15 தாண்டினால் அதே பணத்துக்கு இரண்டு தடவை வரி: போட்ட வருஷத்தில் ஒன்று, வெளியே எடுக்கும்போது இன்னொன்று.

இதற்கு நேர் எதிர், 72,000 டாலர் மொத்த வரம்பு. உங்கள் பணம், கம்பெனி மேட்ச் (நீங்கள் போடுவதற்கு ஈடாகக் கம்பெனி போடும் பணம்), சில இடங்களில் அனுமதிக்கிற ஆஃப்டர்-டாக்ஸ் பணம் மூன்றும் சேர்ந்த இந்த வரம்பு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கம்பெனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பழைய இடத்தில் எவ்வளவு போயிருந்தாலும் புதிய இடத்தில் 72,000 புதிதாகத் தொடங்கும். மெகா பேக்டோர் ராத் (அந்த ஆஃப்டர்-டாக்ஸ் பணத்தை ராத்துக்கு மாற்றுவது) செய்கிறவர்கள் வேலை மாறும் வருஷத்தில் கவனிக்க வேண்டியது இது. கேட்ச்-அப் தொகை இந்த 72,000-க்கு வெளியே.

மேட்ச் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பாதி வருஷத்தில் சேர்கிறவர்கள் அவசரமாக நிரப்பப் பார்ப்பார்கள். பல கம்பெனிகள் மேட்ச்சைப் பேசெக்குக்குப் பேசெக் கணக்கிடுகின்றன. உதாரணமாக, இரண்டு வாரத்துக்கு 10,000 டாலர் சம்பளம், 4 சதவீதம் வரை முழு மேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க 26 பேசெக்கிலும் 4 சதவீதமாவது போட்டால் மேட்ச் 10,400 டாலர். 20 சதவீதம் என்று வைத்து ஜூனுக்குள் 24,500-ஐ முடித்துவிட்டால் 13-ஆவது பேசெக்கோடு உங்கள் பணம் நின்றுவிடும், மேட்ச்சும் அதோடு நின்றுவிடும், 5,200-தான் கிடைக்கும். வருஷக் கடைசியில் ட்ரூ-அப் செய்து மீதியைக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, எல்லாரும் செய்வதில்லை. திட்ட விளக்கக் கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

சதவீதத்துக்குப் பதில் டாலர் தொகையாக எழுதி வைத்தவர்களுக்கு வேறு பிரச்சினை. போன வருஷம் பேசெக்குக்கு 904 என்று வைத்திருந்தால் இந்த வருஷமும் அதேதான் போகும், வரம்பு ஏறியது அந்தத் தளத்துக்குத் தெரியாது. 24,500-ஐ 26-ஆல் வகுத்தால் 942 டாலர் சொச்சம். இதில் வேடிக்கை, ஜனவரி 2-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிய இரு வாரச் சம்பளக்காரர்களுக்கு 2026-ல் 27 பேசெக் வர வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் 27-ஆவது சம்பள நாள் 2027 ஜனவரி 1, அது விடுமுறை, முந்தைய நாளே போட்டுவிடுவார்கள். உங்கள் பேரோல் அட்டவணையைப் பார்த்துவிட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேட்ச்-அப் ராத்தில்தான் என்ற விஷயம். உங்கள் பழைய எச்ஆர் சொன்னது சரிதான். செக்யூர் 2.0 சட்டத்தில் வந்த விதி, 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. முந்தைய வருஷம், அதாவது 2025-ல், அதே கம்பெனியிடம் 1,50,000 டாலருக்கு மேல் சோஷியல் செக்யூரிட்டிச் சம்பளம் வாங்கியிருந்தால் கேட்ச்-அப் பணத்தை வரிக்கு முன் போட முடியாது, ராத்தில்தான், அதாவது வரி கட்டிய பணமாகத்தான் போக வேண்டும். கம்பெனித் திட்டத்தில் ராத் வசதியே இல்லையென்றால் அப்படிப்பட்டவருக்குக் கேட்ச்-அப்பே கிடையாது. பார்க்க வேண்டியது டபிள்யூ-2-ல் (கம்பெனி தரும் வருஷச் சம்பளப் படிவம்) 3-ஆம் பெட்டி, 1-ஆம் பெட்டி அல்ல. 401கே-யில் போட்ட பணம் 1-ல் கழிந்திருக்கும், 3-ல் கழியாது. "என் வருமானம் 1,50,000-க்குக் கீழேதானே" என்று 1-ஆம் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஏமாந்துபோவது அங்கேதான்.

ஆனால் "அதே கம்பெனியிடம்" என்கிற இரண்டு வார்த்தை உங்களுக்குச் சாதகம். புதிய கம்பெனி 2025-ல் உங்களுக்கு ஒரு டாலர்கூடச் சம்பளம் தரவில்லை. இரண்டு கம்பெனிகளும் சம்பந்தமில்லாதவை என்றால் 2026-ல் அந்த இடத்தில் இந்த விதி உங்களைத் தொடாது. பாக்கியிருக்கும் 18,500-ஐயும் வரிக்கு முன்னேயே போடலாம். இன்னும் ஒன்று: 2027-ல் அவர்கள் பார்க்கப்போவது 2026-ல் அவர்கள் கொடுத்த சம்பளத்தை, அது பாதி வருஷச் சம்பளம், 1,50,000-ஐத் தொடாது. பெரிய ஜாய்னிங் போனஸ் எதுவும் வாங்கியிருந்தால் மட்டும் கூட்டிப் பாருங்கள், அதுவும் 3-ஆம் பெட்டியில் சேரும். ஆக உங்களுக்கு இந்த ராத் கட்டாயம் 2028-ல்தான் வரும். அதற்காக ராத் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு வரி எப்படி இருக்கும் என்பது ஒவ்வொருவர் கணக்கு, உங்கள் விருப்பம் உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

உங்களைவிட மூத்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: டிசம்பர் 31 அன்று வயது 60, 61, 62, 63 இவற்றில் ஒன்றாக இருந்தால், திட்டம் அனுமதித்தால், கேட்ச்-அப் 8,000-க்குப் பதில் 11,250. 64 ஆகிற வருஷம் மறுபடி 8,000-க்கு இறங்கிவிடும். நான்கு வருஷச் சலுகை, ஏன் இந்த நான்கு வயது மட்டும் என்று கேட்டால் காங்கிரஸைத்தான் கேட்க வேண்டும்.

அதிகச் சம்பளக்காரர் கோடு, அந்த 1,60,000, புதிய இடத்தில் உங்களுக்கு இந்த வருஷம் பொருந்தாது, அதுவும் முந்தைய வருஷம் அதே கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைத்தான் பார்க்கிறது. பொருந்துகிறவர்களுக்கு நடப்பது இது: கம்பெனியில் குறைந்த சம்பளக்காரர்கள் போதுமான அளவு சேமிக்கவில்லை என்றால், மேல்தட்டு ஆட்கள் போட்டதில் ஒரு பகுதி அடுத்த மார்ச் வாக்கில் திரும்பி வந்துவிடும், வரியோடு. சேஃப் ஹார்பர் திட்டம் (ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட பங்கைக் கம்பெனி கட்டாயம் போடும் திட்டம்) வைத்திருக்கும் கம்பெனிகளில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது எச்எஸ்ஏ. குடும்பக் காப்பீட்டுக்கு 2026 வரம்பு 8,750 டாலர், தனி ஆளுக்கு 4,400. இந்த 8,750 கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து, அதோடு கம்பெனி போடும் பணமும் இதற்குள்ளேதான் அடங்கும். பழைய கம்பெனி ஜனவரியில் 1,000 டாலர் போட்டிருந்து, புதிய கம்பெனியும் சேர்ந்தவுடன் 500 போட்டால், உங்களுக்கு மீதி 7,250-தான். 401கே பழக்கத்தில் "கம்பெனிப் பணம் தனி" என்று நினைத்து மாட்டிக்கொள்வது எனக்குத் தெரிந்தே பலருக்கு நடந்திருக்கிறது. 55 வயதில் ஆளுக்கு 1,000 கூடுதல், அவரவர் பெயரில் உள்ள கணக்கில்தான் போட முடியும், இந்த 1,000-மும் குறியீட்டில் ஏறாத எண்களில் ஒன்று.

உங்கள் மனைவியின் எஃப்எஸ்ஏ-வுக்கு வருவோம். அவருடைய ஆபீசில் இருப்பது சாதாரண மருத்துவ எஃப்எஸ்ஏ என்றால், அந்தப் பணத்தை உங்கள் மருத்துவச் செலவுக்கும் பயன்படுத்த முடியும். பயன்படுத்த முடியும் என்பதே போதும், ஒரு தடவைகூட உங்களுக்காகச் செலவழிக்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு இன்னொரு மருத்துவப் பாதுகாப்பு இருக்கிறது, அந்த மாதங்களுக்கு நீங்கள் எச்எஸ்ஏ-வில் ஒரு டாலர்கூடப் போடத் தகுதியில்லாதவர். போட்டது முழுக்க அதிகப் பணம். வரித் தாக்கல் கெடுவுக்குள் எடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வருஷமும் 6 சதவீதம் தண்டம். இரண்டு ஆபீசும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது, இரண்டு எச்ஆரும் "உங்கள் தேர்வு பதிவாகிவிட்டது" என்று பச்சை டிக் போட்டுவிடுவார்கள். கணினி ஏற்றுக்கொண்டது என்பதால் சரி என்று ஆகிவிடாது.

என்ன செய்யலாம்? மனைவியின் ஆபீசில் பல், கண் செலவுக்கு மட்டுமான லிமிட்டெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ இருந்தால், அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட்டில் அதற்கு மாறுவது நல்ல வழி, அது எச்எஸ்ஏ-வைக் கெடுக்காது. இல்லையென்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். நடு வருஷத்தில் எஃப்எஸ்ஏ-வை நினைத்தபடி நிறுத்த முடியாது, கல்யாணம், குழந்தை, வேலை மாற்றத்தால் காப்பீடு மாறுவது போன்ற காரணம் வேண்டும். உங்கள் வேலை மாற்றம் அவருடைய திட்டத்தில் அப்படிப்பட்ட காரணமாக எடுபடுமா என்று அவருடைய எச்ஆரை இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள், இதற்கெல்லாம் 30 நாள் போலக் கெடு வைத்திருப்பார்கள், தாண்டினால் கதவு மூடிவிடும்.

இன்னொரு கண்ணி: எஃப்எஸ்ஏ-வில் மீந்த பணத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகும் வசதி. 2026-லிருந்து 2027-க்கு 680 டாலர் வரை கொண்டுபோகலாம். அந்தத் தொகை, பத்து டாலராக இருந்தாலும், சாதாரண எஃப்எஸ்ஏ-வில் போய் உட்கார்ந்தால் 2027 திட்ட வருஷம் முழுக்க உங்கள் எச்எஸ்ஏ தகுதி போய்விடும், ஜனவரி முதல் வாரத்திலேயே செலவழித்துத் தீர்த்தாலும் சரி. அதனால் டிசம்பருக்குள் அதைக் காலி செய்துவிடச் சொல்லுங்கள், புதுக் கண்ணாடி, பல் கிளீனிங், ஏதாவது.

எஃப்எஸ்ஏ வரம்பு 3,400 டாலர், இது ஆளுக்கு, அதுவும் கம்பெனிக்கு ஒன்று. கணவன் ஆபீசில் 3,400, மனைவி ஆபீசில் 3,400 என்று இருவரும் தனித்தனியாகப் போடலாம். குழந்தைப் பராமரிப்பு எஃப்எஸ்ஏ அப்படியில்லை, அந்த 7,500 வீட்டுக்கே ஒன்று. இருவரும் ஆளுக்கு 7,500 போட்டால் பாதி வரிக்கு உட்பட்ட வருமானமாகத் திரும்பிவிடும். பெயர் ஒன்று, கணக்கு தலைகீழ். 13 வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் உங்களுக்கு இது தேவைப்படலாம்.

நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: எச்எஸ்ஏ-வில் போடும் பணத்துக்கு மத்திய வரியில்தான் விலக்கு, நியூ ஜெர்சி மாநில வரியில் கிடையாது. கலிஃபோர்னியாவிலும் கிடையாது. நம் ஆட்கள் அதிகம் இருக்கிற இரண்டு மாநிலமும் இதில் மாட்டியது நம் அதிர்ஷ்டம்! அப்படியும் எச்எஸ்ஏ லாபம்தான், பேரோல் வழியாகப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் அந்தப் பணத்துக்கு இல்லை, அந்தச் சலுகை 401கே-க்குக்கூட இல்லை. மன்ஹாட்டனுக்கு ரயிலில் போகிறவராக இருந்தால் பயணச் சலுகை மாதம் 340 டாலர் ஆகியிருக்கிறது, அதையும் மாற்றி வையுங்கள்.

ஐஆர்ஏ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரே பத்தியில் முடிக்கிறேன். 7,500 டாலர், 50-க்கு மேல் கூடுதலாக 1,100. இந்தக் கூடுதல் இத்தனை வருஷம் 1,000-லேயே உறைந்து கிடந்தது, குறியீட்டோடு இணைத்த பிறகு முதல்முறையாக இப்போதுதான் நகர்ந்திருக்கிறது. ராத் ஐஆர்ஏ-வில் நேரடியாகப் போட, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு வருமானம் 2,42,000-லிருந்து குறைய ஆரம்பித்து 2,52,000-ல் முடிந்துவிடும். இருவரும் சம்பாதிக்கிற வீடு என்பதால் அதை நீங்கள் தாண்டியிருக்கலாம், பார்த்துவிட்டுப் போடுங்கள். 2026-க்கான பணத்தை 2027 ஏப்ரல் 15 வரை போடலாம் என்பதால் அவசரமில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் உங்களுக்கு வர வேண்டிய ஒரு தொகை. சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதம், 1,84,500 டாலர் சம்பளம் வரைதான். ஒரே கம்பெனியில் இருந்திருந்தால் அந்த எல்லை வந்ததும் பிடித்தம் நின்றுவிடும். இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகப் பிடிக்கும், இரண்டிலும் நீங்கள் எல்லையைத் தொடவே மாட்டீர்கள், ஆனால் மொத்தம் தாண்டிவிடும். இரண்டு இடமும் சேர்ந்து 2,00,000 டாலர் என்றால் 15,500-க்கு அதிகமாகப் பிடித்திருப்பார்கள், அதாவது 961 டாலர். அதைக் கம்பெனியிடம் கேட்காதீர்கள், அவர்கள் செய்தது சரிதான், உங்கள் வரித் தாக்கலில்தான் அது திரும்பி வரும். இரண்டு டபிள்யூ-2-வையும் மென்பொருளில் சரியாக ஏற்றினால் தானாகக் கணக்கில் வந்துவிடும், மனைவியின் டபிள்யூ-2-வை மட்டும் உங்கள் பெயரில் ஏற்றிவிடாதீர்கள், இந்த எல்லையும் ஆளுக்கு ஒன்று.